சாமி ஆனவங்க ஆல்பம்

சனிக்கிழமை மாலை நாலு பத்துக்கு வில்லியனூர் மாமா போன் செய்தார். என் கணவரின் சித்தப்பா. போனில் அவர் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அன்றைக்குக் குரல் எழும்பவே இல்லை.

"எப்பம்மா எடுக்கறீங்க?" என்றார்.

"என்னது மாமா?"

"இன்னிக்கே எடுக்கறீங்களா, நாளைக்குக் காலைலயா? நம்ம ஆளுங்களுக்குச் சொல்லணும்ல."

சாவு வீட்டில் மட்டும் கேட்கிற கேள்வி அது. ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டில் இருப்பது இரண்டே பேர். நானும் என் மகன் தினேஷும். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

"யார மாமா சொல்றீங்க?"

அவர் அழ ஆரம்பித்தார். "அப்பன மாதிரியே ரோட்டுல போயிட்டானேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தினேஷுக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். அவன் வேலை பார்ப்பது தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனி. உள்ளே போகும்போது போனை கேட்டில் கொடுத்துவிட வேண்டும். அதனால் கேட்டுக்குப் போட்டேன். வாட்ச்மேன் நிதானமாகச் சொன்னார். "அவரு மூணு மணிக்கே பர்மிஷன் சொல்லிட்டுக் கெளம்பிட்டாரும்மா. வீட்டுக்கு வரலியா இன்னும்?"

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்த வாடை அடித்தது. அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. கை போகவில்லை.

அதற்குள் கடலூரிலிருந்து என் தங்கை. எடுத்ததுமே ஒப்பாரி. "ஒழுங்கா சொல்லுடி, உனக்கு யாரு சொன்னது?" என்று கத்தினேன்.

"ஆல்பத்துல வந்திருக்கேக்கா."

"எந்த ஆல்பத்துல?"

"சாமி ஆனவங்க ஆல்பத்துல."

அதைக் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆல்பத்தை வைத்திருந்தவர் என் அண்ணி. என் கணவரின் அக்கா. அவர் எதையும் தப்பான இடத்தில் வைக்க மாட்டார்.

அதுதான் அவர். அவரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். தபால் இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தார். ஊர்வாரியாக, தெருவாரியாக அலமாரிக் கட்டங்களில் போட்டுப் பழகிய கை. ஓய்வு பெற்றார், கை ஓய்வு பெறவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் ஃபிரிட்ஜைத் திறப்பார். பாதி வெங்காயமும் கறிவேப்பிலையும் ஒரே டப்பாவில் இருந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். திட்ட மாட்டார். பார்த்துவிட்டு, தனித்தனியாக வைத்துவிட்டு, மூடுவார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கல்யாண மண்டபங்களில் அவர் செய்கிற வேலை ஒன்று உண்டு. எல்லோரும் பந்திக்கு ஓடும்போது வாசலுக்கு வந்து, குவிந்து கிடக்கிற செருப்புகளை ஜோடி சேர்ப்பார். ஜோடி சேர்ப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. குடும்பவாரியாக வரிசை கட்டுவார். கடலூர்க்காரர்கள் ஒரு வரிசை, வில்லியனூர் ஒரு வரிசை, மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பக்கம். விட்ட இடத்தில் செருப்பைக் காணாமல் சனம் வெறுங்காலோடு தேடும். ஒருமுறை வில்லியனூர் மாமா எரிச்சலில், "ஏம்மா, நான் கழட்டுன எடத்துல என் செருப்பு இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். "அது உங்க எடம் இல்ல சித்தப்பா, உங்க எடம் மூணாவது வரிசை" என்றார் அண்ணி. போய்ப் பார்த்தால் அங்கேதான் இருந்தது. யார் செருப்பு எது என்று எப்படித் தெரியும் என்று யாருக்கும் புரிந்ததில்லை.

அவருடைய மருமகன் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தார். போட்டோக்களை நெட்டில் ஆல்பமாகப் போட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி செய்யலாம் என்று காட்டியும் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

அதிலிருந்து எங்கள் யாருக்கும் நிம்மதி இல்லை. பழைய படங்களையெல்லாம் போனில் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினால் தப்பு, அனுப்பாவிட்டாலும் தப்பு. "கோலத்தையும் கொழந்தையையும் ஒண்ணா அனுப்புற, நான் எதுல போடுறது?" நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் புத்தகம் கேட்டு நிற்கும்போது போன் வரும். "தினேஷுக்கு மொட்டை அடிச்சது மயிலத்துலயா, திருப்பதிலயா?"

"அண்ணி, வேலைல இருக்கேன்."

"நீயும் அங்க புஸ்தகத்த பிரிச்சுத்தானே அடுக்குற? நானும் அதத்தான் பண்றேன். மயிலமா, திருப்பதியா?"

குடும்பம், கோயில், கல்யாணம், சாப்பாடு என்று தனித்தனி ஆல்பம். 'தெரியாதவங்க' என்றும் ஒன்று இருந்தது. கடற்கரையில் நாங்கள் எடுத்த படங்களில் பின்னால் நடந்துபோன ஆட்கள், பலூன்காரர், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எல்லோரையும் வெட்டி எடுத்து அதில் வைத்திருந்தார். முகம் இருந்தால் அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். இது அவர் கட்சி.

இன்னொன்றுதான் 'சாமி ஆனவங்க'. செத்துப்போனவர்கள் ஆல்பம். அதன் அட்டையில் ஒரு காமாட்சி விளக்குப் படம்.

எங்கள் பக்கத்தில் இறந்தவர் படத்தை இருக்கிறவர்கள் படத்தோடு சேர்த்து மாட்ட மாட்டோம். தனியாக, மாலை போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைப்போம். எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் மற்ற வீடுகளில் அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பார்கள். என் கணவர் விழுப்புரம் ரோட்டில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். கருமாதி முடிந்த அன்று சாயங்காலமே அண்ணி கூடத்துக்கு வந்து, நாங்கள் மூன்று பேரும் இருந்த படத்தை ஆணியிலிருந்து இறக்கிவிட்டார். குளியலறையில் என் கணவரின் பிரஷ் போயிருந்தது. கொக்கியில் மாட்டியிருந்த சட்டை போயிருந்தது. நான் எதுவும் கேட்கும் நிலையில் இல்லை. அவரே சொன்னார். "இருக்கறவங்க வரிசைல அவன் நிக்கக் கூடாதும்மா. இருக்கறவங்களுக்கு ஆகாது." சொல்லும்போது அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. தம்பியைத் தூக்கி வளர்த்தவர். ஆனாலும் கை நிற்கவில்லை.

அதையே பிறகு ஆல்பத்திலும் செய்தார். என் கல்யாணப் படம் பெரிய சிக்கலாக இருந்திருக்கும் போல. அதில் நிற்கிற நான் உயிரோடு இருக்கிறேன், என் கணவர் இல்லை. அண்ணி என்ன செய்தார் தெரியுமா? நடுவில் வெட்டினார். என் கணவர் பாதி 'சாமி ஆனவங்க'வில். என் பாதி 'குடும்ப'த்தில். இன்றைக்கும் திறந்தால் பார்க்கலாம். பட்டுப்புடவையில் நான் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. என் தோளில் நாலு விரல் மட்டும் இருக்கிறது.

அன்றைக்கு நான் அவரிடம் சண்டை போட்டேன். "அந்த வெரலையும் வெட்டியிருக்கலாமே அண்ணி" என்றேன்.

"வெட்டிப் பாத்தேன். உன் தோளும் போவுது" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே முயன்று பார்த்திருக்கிறார்.

இத்தனையும் எரிச்சல்தான். ஆனால் அவர் வைத்த இடத்தில் பொருள் இருக்கும். இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மாமனார் செத்தபோது செய்தி முதலில் எங்களுக்கு வந்தது அந்த ஆல்பத்தில்தான். 'புதிய படங்கள் சேர்க்கப்பட்டுள்ளன' என்று மணி அடித்தது. திறந்தால் மாமனார். அதன்பிறகு அந்த மணி அடித்தாலே எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு முதலில் அந்த விளக்குப் படத்தைத்தான் திறப்போம்.

அந்தச் சனிக்கிழமை என் போனிலும் அது வந்திருந்தது. நூலகத்தில் ஆல்பத்தின் மணியை மட்டும் நிறுத்தி வைத்தவள் வீட்டுக்கு வந்தும் மாற்றவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே திறந்தேன். காமாட்சி விளக்கு. அதற்குக் கீழே தினேஷ். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்த படம். நீலச் சட்டை. தாடியை எடுத்துவிட்டு மீசையை மட்டும் விட்டிருந்தான். கீழே தள்ளினால் மறுபடி தினேஷ். கல்லூரியில், பைக்கில், என் தோளில் கை போட்டபடி. என்னை வெட்டக்கூட இல்லை. அவ்வளவு அவசரமாகப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

அண்ணியின் வீடு கதிர்காமத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெரு. தட்டாஞ்சாவடியில் எவனாவது பைக்கிலிருந்து விழுந்தால் அங்கேதான் கொண்டுபோவார்கள். அண்ணி அந்த வழியாகத்தான் காய் வாங்கப் போவார். என் மனசு தானாகவே எல்லாவற்றையும் கோத்துக்கொண்டது. பார்த்துவிட்டார். அங்கே படுத்துக் கிடக்கிறவனைப் பார்த்துவிட்டார். என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டார்.

அவருக்குப் போட்டேன். மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. எத்தனையோ நாள் வேலை நேரத்தில் என்னைக் கூப்பிட்டு மயிலமா திருப்பதியா என்று கேட்டவர், அன்றைக்கு எடுக்கவில்லை.

எதிர் வீட்டம்மா ஓடி வந்தார். அடுப்பை அணைத்தார். நான் கதிர்காமத்துக்குப் போகிறேன் என்று எழுந்தேன். ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் தினேஷின் செருப்பு. "எங்கம்மா போற இந்த நிலைல? உக்காரு. ஆம்பளைங்க யாராவது வரட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் அழுதார். அவர் அழுததும் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எனக்கே தெரியாது என்று சொல்லியிருப்பேன். அந்த அறையில் இருந்த யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இழுக்கிற சத்தம் கேட்டது.

வில்லியனூர் மாமா வந்து இறங்கினார். "எங்க வச்சிருக்காங்க? கதிர்காமத்துலயா? நம்ம பையன் ஒருத்தன அங்க அனுப்பியிருக்கேன்" என்றார்.

"மாமா, உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"கடலூர்லேர்ந்து உன் தங்கச்சி."

"அவளுக்கு ஆல்பம் சொல்லுச்சு. ஆல்பத்த தவிர வேற யாராவது பாத்தாங்களா? யாராவது ஒருத்தர் அவன நேர்ல பாத்தாங்களா?"

"உங்க அண்ணி தப்பா வெக்கிற ஆளா?" என்று மெதுவாகக் கேட்டார் மாமா.

அந்த நேரத்தில் தெருவுக்குள் ஒரு வண்டி வந்து நின்றது. ஐஸ் பெட்டி. பிணத்தைக் கெடாமல் வைக்கிற கண்ணாடிப் பெட்டி. மாமா வரும் வழியிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். டிரைவர் இறங்கி, "எந்த வீடுங்க? எந்த ரூம்ல வெக்கணும்?" என்று கேட்டார். நான் அன்றைக்குக் கத்தியதுபோல் என் வாழ்க்கையில் கத்தியதில்லை. "எடுத்துட்டுப் போங்கடா அத" என்றேன். யார் மேல் கத்தினேன் என்று தெரியவில்லை. பெண்கள் என்னைச் சூழ்ந்து பிடித்து உட்காரவைத்தார்கள். எனக்கு வாசல் மறைந்துவிட்டது.

அப்போது வெளியே பைக் சத்தம் கேட்டது. ஐஸ் பெட்டி வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் உள்ளே வர முடியாமல் ஹாரன் அடித்தது. பிறகு ஹாரன் நின்றது. பைக் கீழே விழுந்த சத்தம். ஓடி வருகிற காலடி. நாற்காலிகள் சாய்ந்தன.

"அம்மா எங்க? எங்கம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

வார்த்தை குழறிக் குழறி வந்தது. பெண்கள் விலகினார்கள். தினேஷ் நின்றான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடியும், "அம்மா" என்றான். என்னைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கடவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான். என்னிடம் சொன்னால் நான் பயப்படுவேன் என்று சொல்லவில்லை. டாக்டர் போனை அணைக்கச் சொன்னார், அணைத்தான். வரும்போது தன் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியைப் பார்த்தான். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவன் அவன். மீதி யார் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் அவன் முகத்தைத் தொடவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. முதுகில் இரண்டு அறை அறைந்தேன். "சொல்லிட்டுப் போனா என்னடா? சொல்லிட்டுப் போனா என்ன?" பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் விடவில்லை. மாமா வாசலில் டிரைவரிடம், "தப்பா நெனச்சுக்காதப்பா, போயிட்டு வா" என்றார். உடனே, "போயிட்டு வர்றதெல்லாம் வேணாம், போ" என்று திருத்தினார். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இப்போதும் அவன் போன் அணைந்திருந்தால் எனக்கு அடுப்பில் பால் தீய்கிற வாடை வருகிறது.

பயம் இறங்கியதும் கோபம் ஏறியது. அண்ணி வரட்டும் என்று காத்திருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்தேன். பிரஷ்ஷிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சட்டை, ஆணி, என் கல்யாணப் படம், தோளில் இருக்கிற நாலு விரல், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் இதைக் கேட்க வேண்டும்.

அண்ணி இறந்து இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் படங்கள் இன்னும் 'குடும்பம்' ஆல்பத்தில்தான் இருக்கின்றன. அங்கிருந்து 'சாமி ஆனவங்க'வுக்கு மாற்ற அவர் ஒருவரால்தான் முடியும். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. எல்லோரையும் பிரித்து வைத்தவர், தான் மட்டும் இருக்கிறவர்கள் வரிசையில் நின்றுகொண்டு சிரிக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு நான் அடுக்கி வைத்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்பது ஞாபகம் வரும்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினார். சனிக்கிழமை என்பதால் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறார். போன் வீட்டில் சார்ஜில் கிடந்திருக்கிறது. திரும்பி வந்து எடுத்துப் பார்த்தால் அத்தனை பேரின் அழைப்புகள். கையில் துளசி இன்னும் இருந்தது. வாசலில் செருப்புகள் மலைபோல் கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்று, தலைகீழாக, ஜோடி இல்லாமல். அவர் கண் அங்கே போனதைப் பார்த்தேன். குனியவில்லை. தாண்டி வந்தார். என் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் செருப்புகளைத் தாண்டி வந்து நான் பார்த்ததே இல்லை.

கூடத்தில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அவர் தினேஷைப் பார்த்தார். வீங்கிய கன்னத்தோடு அவன், "வாங்க அத்தை" என்று எழுந்தான். அவர் அவன் பக்கத்தில் போகவில்லை. எனக்கு எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி பண்ணி வச்சீங்க?" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

"என் தம்பி மொகம் எந்தப் படத்துல இருந்தாலும், போனே அடையாளம் கண்டு அந்த ஆல்பத்துல தானா சேத்துக்கற மாதிரி வச்சிருந்தேன்" என்றார். "மெஷின் அதுவா சேக்கலம்மா. மதியம் என்னைக் கேட்டுச்சு. போன வாரம் தினேஷ எடுத்த படத்த ஒரு பக்கம் காட்டுச்சு. தம்பி கல்யாணத்தப்ப எடுத்த படத்த இன்னொரு பக்கம் காட்டுச்சு. ரெண்டும் ஒரே ஆளா, வேற வேற ஆளான்னு கேட்டுச்சு."

வில்லியனூர் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன். ஒரே ஆள்தான்னு நான்தாம்மா அமுக்கினேன்."